கொலஸ்ட்ரால் போதாமல் பிறந்த குழந்தைக்கு மரபணு சிகிச்சை உண்டா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைக்கிறேன். போலந்தில் உங்களோடு வேலை பார்ப்பவரின் மகனுக்கு 2 வயது. உடலால் கொலஸ்ட்ராலைச் செய்து முடிக்க முடியாத ஸ்மித்-லெம்லி-ஒபிட்ஸ் நோய் என்று உறுதியாகிவிட்டது. மரபணு அறிக்கையில் டபிள்யூ151எக்ஸ், வி326எல் என்று இரண்டு பிறழ்வுகள் எழுதியிருக்கிறார்கள். "முதுகுத்தண்டு தசைச்சிதைவுக்கு 16 கோடி ரூபாய் ஊசி இருக்கிறதே, அதுபோல இதற்கும் நல்ல மரபணுவைப் போட முடியாதா? கொலஸ்ட்ராலுக்கு ஒரே ஊசி வந்துவிட்டது என்றும் செய்தியில் படித்தேனே" என்பது உங்கள் கேள்வி. இதற்குள் மூன்று கேள்விகள் இருப்பதாகப் படுகிறது. அப்படி ஒரு சிகிச்சை இன்று இருக்கிறதா, இல்லையென்றால் தடை எது, நாளைக்கு வந்தால் இந்தப் பையனுக்கு உதவுமா. அந்த அப்பா கேட்கச் சொன்னது மூன்றாவதைத்தான் என்று நினைக்கிறேன்.

முதல் கேள்விக்குச் சுருக்கமான பதில்: இல்லை. இந்த நோய்க்கு ஒப்புதல் பெற்ற மரபணு சிகிச்சை எந்த நாட்டிலும் கிடையாது. இதுவரை பேசத் தகுந்த முடிவுகள் எலிகளிடமிருந்துதான் வந்திருக்கின்றன. நான் மருத்துவன் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உயிர்வேதியியல் படித்து, பரம்பரை வளர்சிதைமாற்ற நோய்களுக்கான ஆய்வகத்தில் ரத்தத்தில் உள்ள ஸ்டீரால்களை, அதாவது கொலஸ்ட்ரால் குடும்பத்துச் சேர்மங்களை, பிரித்து அளக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். ரசாயனத்தைப் பற்றித் தைரியமாகப் பேசுவேன். குழந்தைக்கு எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது என்பது அவனைப் பார்க்கும் மருத்துவரின் பொறுப்பு.

நீங்கள் படித்த செய்தியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது நேர் எதிர்த்திசையில் போகிற விஷயம். பரம்பரையாக எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் மிக அதிகமாக இருக்கும் குடும்பங்களுக்காக, கல்லீரலில் பிசிஎஸ்கே9 என்ற மரபணுவை நிரந்தரமாக அணைக்கும் ஊசியை வெர்வ் என்ற அமெரிக்க நிறுவனம் சோதித்துவருகிறது. அதன் முதல் வடிவம் 2022-ல் நியூசிலாந்தில் மனிதருக்குப் போடப்பட்டது. கல்லீரல் என்சைம் ஏறியதாலும் தட்டணு குறைந்ததாலும் 2024-ல் அதை நிறுத்திவைத்தார்கள். அடுத்த வடிவத்தில், கிலோவுக்கு 0.6 மில்லிகிராம் பெற்றவர்களுக்கு எல்டிஎல் சராசரியாக 53 சதவீதம் இறங்கியது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார்கள். அந்த ஜூனிலேயே எலி லில்லி அந்த நிறுவனத்தை வாங்குவதாக அறிவித்தது. நல்ல வேலைதான், ஆனால் அது ரத்தத்தில் சுற்றும் கொலஸ்ட்ராலைக் குறைக்கிற வேலை. உங்கள் நண்பரின் மகனுக்குச் சிக்கல், உடல் கொலஸ்ட்ராலைச் செய்து முடிக்க முடியாமல் இருப்பது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டு எழுதுகிற தலைப்புகளால் எவ்வளவோ பெற்றோர் வீணாக அலைகிறார்கள்.

சரி, நோய்க்கு வருவோம். 1964-ல் டேவிட் ஸ்மித், லூக் லெம்லி, ஜான் ஒபிட்ஸ் மூவரும் இந்தக் குழந்தைகளை விவரித்தபோது காரணம் தெரியாது. சிறிய தலை, பிளந்த அண்ணம், ஆண் குழந்தைகளுக்குப் பிறப்புறுப்புக் குறை, இதயக் குறை, பால் குடிக்கத் திணறல், எல்லாவற்றுக்கும் மேலாக ஒட்டிப் பிறக்கும் இரண்டாம் மூன்றாம் கால்விரல்கள். கடைசியாகச் சொன்னது பெரும்பாலும் எல்லாக் குழந்தைகளிடமும் இருக்கும். பார்க்கத் தெரிந்த மருத்துவர் முதலில் காலுறையைத்தான் கழற்றச் சொல்வார். கிட்டத்தட்ட 30 வருடம் கழித்து, 1993-ல்தான் இந்தக் குழந்தைகளின் ரத்தத்தில் 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் குவிந்திருப்பதைக் கண்டார்கள். 1998-ல் மரபணு பிடிபட்டது. 11-ஆவது குரோமோசோமில் இருக்கும் டிஎச்சிஆர்7 அது. கொலஸ்ட்ராலைச் செய்ய உடல் ஏறத்தாழ 30 படிகளைக் கடக்கிறது. 7-டிஹைட்ரோகொலஸ்ட்ராலைக் கொலஸ்ட்ராலாக மாற்றும் கடைசிப் படியை நடத்தும் என்சைமைத்தான் அந்த மரபணு தருகிறது. இனி அந்த நீளமான பெயரை 7-டிஎச்சி என்று எழுதுகிறேன்.

ஆகவே இந்தக் குழந்தைக்கு இரண்டு துன்பம் ஒரே நேரத்தில் நடக்கிறது. கொலஸ்ட்ரால் போதவில்லை, 7-டிஎச்சி தேங்குகிறது. இரண்டாவதைப் பலர் லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். 7-டிஎச்சி ஆக்சிஜனோடு சேர்ந்து கெட்டுப்போகும் வேகம் கொலஸ்ட்ராலைவிடச் சுமார் 200 மடங்கு. அப்படி உண்டாகும் ஆக்ஸிஸ்டீரால்கள் நரம்புச் செல்களுக்கு நஞ்சு. வெயிலில் சிறிது நேரம் நின்றாலே இந்தக் குழந்தைகளின் தோல் சிவந்து கன்றிப்போவதும் இந்தத் தேக்கத்தோடு தொடர்புடையதுதான். அப்புறம் ஒரு ஆய்வகச் செய்தி: சாதாரண மருத்துவமனையில் எடுக்கும் கொலஸ்ட்ரால் சோதனை இந்த நோயில் ஏமாற்றும். அதில் பயன்படும் என்சைமுக்கு 7-டிஎச்சிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் வேறுபாடு தெரியாது, இரண்டையும் சேர்த்து எண்ணிவிடும். "கொலஸ்ட்ரால் நார்மல்" என்று அறிக்கை வந்து, நோயே இல்லை என்று திருப்பி அனுப்பப்பட்ட குழந்தைகளின் மாதிரிகளை நான் பார்த்திருக்கிறேன். வாயு குரோமட்டோகிராஃபியில் பிரித்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

இப்போது உங்கள் ஒப்பீடு. முதுகுத்தண்டு தசைச்சிதைவுக்கு 2019 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஊசி, ஏஏவி9 என்ற தீங்கற்ற வைரஸின் ஓட்டுக்குள், அந்த நோயில் பழுதாகும் எஸ்எம்என்1 மரபணுவை வைத்து ரத்தக்குழாய் வழியாகச் செலுத்துகிறது. 21 லட்சத்து 25 ஆயிரம் டாலர் விலை என்பதால்தான் நம் ஊர் செய்தித்தாள்களில் அது 16 கோடி ஊசி ஆனது. அதே ஓட்டில் டிஎச்சிஆர்7-ஐ வைக்க முடியுமா என்றால், தாராளமாக முடியும். ஏஏவிக்குள் சுமார் 4700 டிஎன்ஏ எழுத்துகள் கொள்ளும். டிஎச்சிஆர்7 புரதம் 475 அமினோ அமிலங்கள்தான், அதாவது 1500 எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். அளவு பெரிதாக இருப்பதால் சிகிச்சையே தடுமாறும் நோய்கள் பல உண்டு. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

எலியில் செய்தும் பார்த்துவிட்டார்கள். கலிபோர்னியாவில் ஓக்லாண்ட் குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வு நிலையத்தில் கார்டன் வாட்சன், செட்ரிக் ஷாக்கிள்டன் குழுவினர், அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் ஃபோர்ப்ஸ் போர்ட்டர் குழுவோடு சேர்ந்து 2010-ல் முதல் முடிவை வெளியிட்டார்கள். அதே வைரஸின் கல்லீரலை நாடும் வகையான ஏஏவி8 வழியாக மனித டிஎச்சிஆர்7-ஐக் கொடுத்தபோது, எலியின் ரத்தத்திலும் கல்லீரலிலும் ஸ்டீரால் விகிதம், அதாவது 7-டிஎச்சிக்கும் கொலஸ்ட்ராலுக்கும் உள்ள விகிதம், மேம்பட்டது. 2014-லும் 2015-லும் ஏஏவி9-ஐப் பிறந்த எலிக்குட்டிகளுக்குக் கொடுத்தார்கள். தண்டுவடத் திரவத்திலேயே நேராகச் செலுத்தியும் பார்த்தார்கள். மூளையிலும் அளவுகள் நல்ல திசையில் நகர்ந்தன. முழுக்கச் சரியாகவில்லை, ஆனால் நகர்ந்தன. நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: மரபணுவைக் கொடுத்தால் என்சைம் உண்டாகிறது, அது வேலை செய்கிறது, மூளைக்கும் கொஞ்சம் போய்ச் சேர்கிறது.

இந்த எலிகளைப் பற்றி ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். டிஎச்சிஆர்7 அறவே இல்லாத எலிக்குட்டி பிறந்த முதல் நாளுக்குள் பால் குடிக்க முடியாமல் செத்துப்போகும். அதற்குச் சிகிச்சை கொடுக்கவே நேரமில்லை. ஆகவே பெரும்பாலான சோதனைகளில் பயன்பட்டது, என்சைம் கொஞ்சம் மிச்சமிருக்கும், ஓரளவு நன்றாகவே வாழும் எலி. இன்னொன்று, பிறந்த எலியின் மூளை மனிதக் குழந்தை கருவில் இருக்கும் கட்டத்தில்தான் இருக்கிறது. அது நம் பிறப்புக்கு நிகரான நிலையை எட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். பிறந்த அன்று எலிக்குப் போட்ட ஊசியை 2 வயதுப் பையனுக்குப் போடும் ஊசியோடு ஒப்பிட்டால் கணக்கு தப்பும். கட்டுரைகளைப் பெற்றோருக்கு அனுப்புபவர்கள் இந்த வரியை விட்டுவிடுவதுதான் எனக்குப் பெரிய குறை.

தடைகளில் பெரியது மூளை. உடல் எடையில் 2 சதவீதமே உள்ள மூளை, உடலின் கொலஸ்ட்ராலில் நான்கில் ஒரு பங்குக்கு அருகில் வைத்திருக்கிறது. ரத்தத்தில் இருந்து அதற்குக் கொலஸ்ட்ரால் போகாது. ரத்த-மூளைத் தடுப்பு விடாது. வேண்டியதை மூளையே செய்துகொள்கிறது. முட்டை மஞ்சள் கருவும் கொலஸ்ட்ரால் கரைசலும் கொடுக்கும்போது குழந்தை எடை ஏறுவதையும் தெம்பாவதையும் மருத்துவர்கள் பார்க்கிறார்கள், ஆனால் மூளையின் ரசாயனத்தை அது தொடுவதில்லை. நடத்தையில் மாற்றம் உண்டா என்று பெற்றோருக்கும் மருத்துவருக்கும் தெரியாமல் மறைத்து வைத்து நடத்திய குறுகிய காலச் சோதனையில் வேறுபாடு தெரியவில்லை. அதே காரணத்தால் கல்லீரலை மட்டும் சரிசெய்யும் மரபணு சிகிச்சை இந்த நோயில் பாதி வழிதான் போகும். பித்த அமிலம் செய்ய முடியாமல் கொலஸ்டனால் குவிகிற, செரிப்ரோடெண்டினஸ் சாந்தோமட்டோசிஸ் என்ற அண்டை நோயில் நிலைமை வேறு. அங்கே கல்லீரல் சரியானால் நஞ்சின் ஊற்றே குறைகிறது, எலியில் அது வேலை செய்தும் இருக்கிறது. அங்கே கிடைத்த வெற்றியை இங்கே இழுத்துவந்து பொருத்தக் கூடாது.

அடுத்தது செல்லுக்குள் நடக்கும் விஷயம். செல்லின் கழிவைச் சிதைக்கும் பை பழுதாகும் லைசோசோம் சேமிப்பு நோய்கள் சிலவற்றில், திருத்தப்பட்ட ஒரு செல் என்சைமை வெளியே விட, பக்கத்துச் செல்கள் அதை உறிஞ்சிப் பயன்படுத்திக்கொள்ளும். பத்தில் ஒன்றைத் திருத்தினாலே பலன் தெரியலாம். டிஎச்சிஆர்7 அப்படி அல்ல, செல்லின் உள்சவ்வில் புதைந்திருக்கும் புரதம். அது வெளியே வராது. ஆனால் மூளையில் ஆஸ்ட்ரோசைட்டுகள் என்ற துணைச் செல்கள், தாங்கள் செய்த கொலஸ்ட்ராலை ஏபோஇ என்ற புரதத்தில் ஏற்றி நரம்புச் செல்களுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. ஆகவே திருத்தப்படாத செல்லுக்குப் பக்கத்து வீட்டுச் சாப்பாடு கிடைக்கலாம். தன் வீட்டு அடுப்பில் கருகிக்கொண்டிருக்கும் 7-டிஎச்சியைப் பக்கத்து வீட்டுக்காரர் வந்து அணைக்க முடியாது. எத்தனை சதவீதச் செல்களைத் திருத்தினால் குழந்தையிடம் மாற்றம் தெரியும் என்ற கேள்வி இந்தத் துறையில் திறந்தே கிடக்கிறது. யாராவது உங்களிடம் ஒரு எண்ணைச் சொன்னால் நம்பாதீர்கள்.

மூன்றாவது தடை காலம். இதுதான் தசைச்சிதைவு நோய்க்கும் இதற்கும் உள்ள அடிப்படை வேறுபாடு. அங்கே இயக்க நரம்புச் செல்கள் பெரும்பாலும் பிறந்த பிறகு ஒவ்வொன்றாகச் சாகின்றன. சாவதற்குள் மரபணு போய்ச் சேர்ந்தால் காப்பாற்றிவிடலாம், அதனால்தான் அவ்வளவு அவசரப்படுகிறார்கள். இங்கே கெடுதலின் பெரும்பகுதி கருவின் முதல் மாதங்களில் முடிந்துவிடுகிறது. கருவில் கை, கால், முகம், மூளை எங்கே எப்படி உருவாக வேண்டும் என்று சொல்லும் ஹெட்ஜ்ஹாக் என்ற சமிக்ஞைப் புரதத்தோடு கொலஸ்ட்ரால் மூலக்கூறு ஒன்று ஒட்டியிருக்க வேண்டும் என்று 1996-ல் கண்டுபிடித்தார்கள். அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ளும் ஸ்மூத்தண்ட் என்ற புரதத்துக்கும் கொலஸ்ட்ரால் தேவை. அந்தக் கட்டத்தில் உருவாகாமல் போனதை 2 வயதில் போடும் எந்த மரபணுவும் உருவாக்காது. இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால் எல்லாமே முடிந்துபோன கதை என்று நினைப்பதும் சரியில்லை. நரம்பு இழைகளைச் சுற்றி மயலின் உறை போடும் வேலை பிறந்த பிறகுதான் மும்முரமாக நடக்கிறது, வருடக்கணக்கில் தொடர்கிறது, அதற்குக் கொலஸ்ட்ரால் ஏராளமாக வேண்டும். 7-டிஎச்சியின் நஞ்சும் தினமும் ஊறிக்கொண்டிருப்பது. தூக்கமின்மை, எரிச்சல், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்வது போன்றவற்றில் எவ்வளவு பங்கு இந்தத் தினசரி ரசாயனத்தால் வருகிறது, எவ்வளவு பங்கு கருவிலேயே அமைந்துவிட்டது? இங்கேதான் உண்மையான சந்தேகம். ஒரு சிறு தடயம் சிம்வாஸ்டாட்டின் சோதனை. கொலஸ்ட்ரால் போதாத குழந்தைக்குக் கொலஸ்ட்ராலைக் குறைக்கும் மாத்திரையா என்று தோன்றும். ஆனால் அது மூளைக்குள் நுழையும், 7-டிஎச்சி உற்பத்தியையும் குறைக்கும், மிச்சமிருக்கும் டிஎச்சிஆர்7-ஐக் கூடுதலாகத் தூண்டும். 2017-ல் வெளியான ஒப்பீட்டுச் சோதனையில், நோய் மிகக் கடுமையாக இல்லாத குழந்தைகளிடம் ஸ்டீரால் விகிதம் மேம்பட்டது. எரிச்சலும் ஓரளவு தணிந்தது. சிறிய சோதனைதான். ஆனாலும் பிறந்த பிறகு ரசாயனத்தை மாற்றினால் நடத்தை கொஞ்சமாவது அசையும் என்று காட்டியது. மரபணு சிகிச்சைக்கு நான் முழுக்கக் கதவடைக்காததற்கு இந்தச் சோதனையும் காரணம்.

உங்கள் நண்பர் அறிக்கையின் அந்த இரண்டு எழுத்துச் சரங்களுக்கு இனி வருகிறேன். அவை இரண்டுமே போலந்தில் இந்த நோயில் அடிக்கடி காணப்படுபவை. டபிள்யூ151எக்ஸ் என்றால் புரதம் 151-ஆவது இடத்தில் அறுந்துவிடுகிறது. மரபணுவின் அந்தப் பிரதியால் பயனே இல்லை. வி326எல் கொஞ்சம் வேலை செய்யும். குழந்தை 2 வயதைத் தாண்டி இருப்பதற்கு அந்தக் கொஞ்சமே காரணமாக இருக்கலாம். டிஎன்ஏவில் ஒற்றை எழுத்தை மாற்றும், இப்போது பேசப்படும் எழுத்துத் திருத்த முறையில் வைத்துப் பார்த்தால் இது சுவாரசியமான ஜோடி. இன்று அதிகம் முன்னேறிய திருத்தக் கருவி டிஎன்ஏவில் ஏ என்ற எழுத்தை ஜி ஆக்கும். டபிள்யூ151எக்ஸில் நடந்த பிழை ஜி, ஏ ஆனது. அதாவது கொள்கையளவில் அந்தக் கருவிக்கே திருத்த முடிகிற பிழை. வி326எல் வேறு வகை மாற்றம், அந்தக் கருவிக்குச் சிக்காது. ஆனால் இது இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே வரும் நோய் என்பதால் ஒன்றைத் திருத்தினாலே போதும். பெற்றோர் இதைத் தாங்கள் போகும் மையத்தில் தயங்காமல் எடுத்துச் சொல்லலாம்.

ஆனால் அதே மூச்சில் சொல்ல வேண்டியது: 2025-ல் பிலடெல்பியாவில் ரத்தத்தில் அம்மோனியா தேங்கும் சிபிஎஸ்1 குறைபாடுள்ள ஒரு கைக்குழந்தைக்கு அவனுக்கென்றே செய்த எழுத்துத் திருத்த மருந்தைக் கொடுத்தார்களே, அது கொழுப்புத் துகளில் ஏற்றிக் கல்லீரலுக்குப் போன மருந்து. அந்த நோயின் இருப்பிடமே கல்லீரல், அதனால் சரி. மனித மூளை முழுக்கப் பரவலாகக் கொண்டுபோய்ச் சேர்க்கும் நம்பகமான துகள் இன்னும் கைக்கு வரவில்லை. ஏஏவியின் பக்கம் வேறு விலைகள் உண்டு. ஒருமுறை போட்டால் உடல் எதிர்ப்புப் பொருள் செய்துவிடும், மறுமுறை போட முடியாது. வளரும் கல்லீரலில் செல்கள் பிரியப் பிரிய மரபணு நீர்த்துப்போகும். பெரிய அளவில் ரத்தத்தில் செலுத்தினால் கல்லீரல் அடிபடும். முதுகுத்தண்டு தசைச்சிதைவு ஊசிக்குப் பின் கல்லீரல் செயலிழந்து 2 குழந்தைகள் இறந்ததாக 2022-ல் அறிவிக்கப்பட்டது. ஸ்மித்-லெம்லி-ஒபிட்ஸ் குழந்தைகள் சிலருக்குக் கல்லீரல் ஏற்கெனவே சோர்ந்தே இருக்கும். இதையெல்லாம் வைத்து, இந்தப் பையனுக்கு உதவுமா என்ற மூன்றாவது கேள்விக்கு என் கணிப்பு: உதவினால் தூக்கத்தில், எரிச்சலில், வெயில் தாங்குவதில், வளர்ச்சியில் ஓரளவு உதவும், பேச்சும் அறிவுத்திறனும் மற்றக் குழந்தைகளைப்போல் ஆகிவிடும் என்று எதிர்பார்க்க எந்த எலியும் ஆதாரம் தரவில்லை. இது கணிப்பு மட்டுமே, முன்னர் சொன்ன ஸ்டீரால் உண்மைகளின் வரிசையில் இதை வைக்காதீர்கள்.

அந்த அப்பாவுக்கு இன்றே பயன்படுவது வேறு சில. குழந்தை சாப்பிடும் மருந்துப் பட்டியலை ஸ்டீரால் தெரிந்த ஒருவரிடம் காட்டச் சொல்லுங்கள். அரிபிப்ரசோல், ஹாலோபெரிடால், டிராசோடோன் போன்ற மனநல மருந்துகள் டிஎச்சிஆர்7-ஐயே தடுத்து 7-டிஎச்சியை ஏற்றுகின்றன. எரிச்சலைத் தணிக்க என்று இவற்றை எழுதிக்கொடுப்பது நடக்கக்கூடியதுதான், எழுதுபவருக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. நிறுத்துவதை அவர்களாகச் செய்யக் கூடாது, கேள்வியாக எடுத்துப் போகட்டும். கொலஸ்ட்ரால் கொடுப்பதை, மருந்து வரும்வரை தற்காலிகம் என்று அலட்சியமாக விட்டுவிட வேண்டாம். வெயிலில் முழுக்கைச் சட்டையும் யுவிஏ என்ற புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சும் வேண்டும். கடும் காய்ச்சல் அல்லது அறுவை சிகிச்சை வந்தால் அட்ரீனல் சுரப்பி ஈடுகொடுக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது செய்யும் ஹார்மோன்களின் மூலப்பொருளும் கொலஸ்ட்ரால்தான்.

கடைசியாக, அவர்கள் இன்னொரு குழந்தையைப் பற்றி யோசிக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. யோசித்தால், ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இந்த நோய்க்கு உண்டு. எந்தப் பிறழ்வு அப்பாவிடமிருந்து வந்தது, எது அம்மாவிடமிருந்து வந்தது என்று இருவரின் ரத்தத்திலும் இப்போதே உறுதிசெய்துகொண்டால், கருவின் நச்சுக்கொடித் திசுவில் மூன்றாம் மாத வாக்கிலேயே பார்த்துவிடலாம். செயற்கைக் கருத்தரிப்பு என்றால் கருவை வைப்பதற்கு முன்பே பார்க்கலாம். கருத்தரித்த பிறகு ஓடிவந்து இந்த ரத்தத்தைக் கொடுத்தால் வாரங்கள் பறந்துவிடும். அடுத்த முறை மருத்துவமனைக்குப் போகும்போதே கொடுத்துவிடச் சொல்லுங்கள்.